ரொறன்ரோவுக்கு ஒரு பதில்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தினதைப் படித்துச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். சாமான் விலையை மட்டும் கேட்காதே.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாயே, கருக்கலைப்பெல்லாம் இந்தக் காலத்துப் பெட்டைகளின் வேலை, நம் காலத்தில் எங்கே இருந்தது என்று. அதற்குப் பதில் சொல்லாமல் விட மனமில்லை. இருந்தது வசந்தி. பப்பாக்காயும் அன்னாசியும் எதற்கென்று நம் ஊரில் எந்தக் கிழவிக்குத் தெரியாது?

உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 7 கோடி 30 லட்சம் கருக்கலைப்புகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்துக் கர்ப்பத்தில் மூன்று அப்படி முடிகிறது. அந்தக் கருக்கலைப்புகளில் நூற்றுக்கு 45 பாதுகாப்பில்லாதவை. அவ்வளவு பேரும் பெட்டைகளா? நான் ஆஸ்பத்திரி வாட்டில் பார்த்தவர்களில் அநேகம் பேர் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்றவர்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஒருத்தியை இப்போதும் நினைப்பேன். மூன்று பிள்ளைகளின் தாய். காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறது, போர்வைக்குள்ளும் நடுங்குகிறாள், கட்டிலுக்குக் கிட்டப் போக முடியாத மணம். என்ன நடந்தது என்று எத்தனை தடவை கேட்டாலும் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் மிஸ்" என்பதுதான் பதில். பொலிசுக்குச் சொல்லிவிடுவோம் என்ற பயம். முதல் நாளே வந்திருந்தால் அன்டிபயோட்டிக்கோடும் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதோடும் முடிந்திருக்கும். பிந்தி வந்ததால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வந்தது. உயிர் தப்பினாள், அதுவே பெரிது.

இங்கே இலங்கையில் கருக்கலைப்புச் சட்டம் 1883இல் எழுதியது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் அனுமதி. வல்லுறவுக்கு ஆளான பெண்ணுக்கும் இல்லை. 1995இல் திருத்தப் பார்த்துக் கைவிட்டார்கள். 2017இல் மறுபடி பேச்செடுத்தார்கள், கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் அப்படியே கிடப்பில் போனது. சட்டம் கலைப்பதை நிறுத்தவில்லை, ஆஸ்பத்திரிக்கு வருவதைத்தான் பிந்த வைக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்வேன்.

பாவபுண்ணியத்தில் நீயும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை, அதை விடு. ஆனால் கருத்தடையிலாவது ஒத்துக்கொள். "கரு தங்காத நாள் பார்த்துத்தான் இருக்கிறோம் மிஸ்" என்று எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? மாத்திரை, ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் எல்லாம் அரசாங்கக் கிளினிக்கில் சும்மா கிடைக்கிறது. மருத்துவமாது வீடு தேடியும் வருவார், ஆனால் கலியாணமான வீட்டுக்குத்தான். மற்றப் பிள்ளைகள் பார்மசிக்காரனின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத் திரும்பி வருகிறார்கள்.

உங்கள் கனடாவில் 1988இலேயே உச்ச நீதிமன்றம் அங்கிருந்த கருக்கலைப்புச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. உன் மருமகள் நேர்ஸ்தானே? கிருமி ஏறி, நடுங்கிக்கொண்டு வரும் கேஸ் அங்கே வாட்டில் பார்த்திருக்கிறாளா என்று கேட்டு எழுது. சுற்றி வளைக்காமல் நேராகவே கேள், அவள் கோபிக்க மாட்டாள்.

அன்புடன்,
மலர்