மியூட் செய்தால் தீருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் கேமில் யாராவது கேவலப்படுத்தினால் "மியூட் பண்ணிட்டு ஆடு" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். என் அக்கா மகனிடம் நானும் முதலில் அதையேதான் சொன்னேன். அவன் புதிதாக ஆட வந்தவன், ஐந்து பேர் டீமில் ஒரு ரவுண்டில் பதறிப்போய்த் தவறான பட்டனை அழுத்திவிட்டான், அதற்கு மேட்ச் முடியும்வரை ஒருத்தன் மைக்கில் திட்டிக்கொண்டே இருந்தான், அதோடு விட்டானா என்றால் இல்லை, பையன் குரல் உடைந்து "ஸாரி அண்ணா" என்று சொன்ன இடத்தை மட்டும் வெட்டி, ஸ்கோர்போர்டு படத்தையும் சேர்த்து, கேம் ஐடி தெரியும்படி குரூப்பில் போட்டுவிட்டான். கூடப் படிக்கும் பிள்ளைகள் வரை அது போய்விட்டது. மியூட் செய்தால் அந்த கிளிப் நின்றுவிடுமா?

அப்புறம், டீம் கேமில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதே மைக்கில்தான் தெரியும். எல்லோரையும் மியூட் செய்தவன் தோற்பான், தோற்றால் அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்குவான்.

கம்பெனிகளால் ஒன்றும் செய்ய முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேமில், எதிரணியோடு எழுத்தில் பேசும் சாட் வசதியை வேண்டுமென்பவர்கள் மட்டும் ஆன் செய்துகொள்ளலாம் என்று மாற்றிப் பார்த்தார்கள். அந்த சாட்டில் மோசமான பேச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, இத்தனைக்கும் சாட் வசதியைப் பயன்படுத்துவது பெரிதாகக் குறையவில்லை. ஒரே ஒரு செட்டிங்தான்!

நிஜப் பெயரைப் போடவைத்தால் அடங்கிவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். 2010இல் ப்ளிஸார்ட் என்ற கேம் நிறுவனம் தன் விவாதப் பக்கங்களில் அப்படி ஒரு விதி கொண்டுவருவதாக அறிவித்தது, ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள், சில நாளிலேயே கைவிட்டது. கைவிட்டது சரிதான். கேம் ஐடியை வைத்தே இவ்வளவு செய்கிறவன் கையில் நிஜப் பெயரும் கிடைத்தால் என்ன ஆகும்?

திட்டினவனைவிட எனக்கு ஆறாதது வேறு. அந்த மேட்ச்சில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். "விடுப்பா, புதுப் பையன்" என்று ஒருவராவது சொல்லியிருந்தால் அவன் அந்த ராத்திரி தூங்கியிருப்பான். அவன் இப்போதும் ஆடுகிறான், ஆனால் மைக்கை ஆன் செய்வதே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி