செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, ஊருணிக்கரை, சந்தா பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தைத் தின்றது ஒரே விஷயம்: அரசு அலுவலகங்களில் இடப் பற்றாக்குறை.

சென்ற பொதுக்குழுவில் "புதுக் கட்டடம் வேண்டும்" என்று தீர்மானம் போட்டோம். நானும்தான் கை தூக்கினேன். மனுவோடு அலைந்தபிறகு மனசு மாறிவிட்டது.

ஓர் அலுவலகம் வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. பெயர் வேண்டாம்; அங்கு வேலை பார்ப்பவர்கள் மேல் நமக்கு வருத்தமில்லை. உதவித்தொகை கேட்டு வந்த ஆத்தா ஒருவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே நான்கு மேசைக்கு நடுவே ஒருவர் நகர்ந்தால் இன்னொருவர் எழ வேண்டும். ஒட்டியிருந்த அறையோ பூட்டிக் கிடந்தது. திறந்து காட்டினார்கள். கால் ஒடிந்த நாற்காலிகள், உப்புக்காற்றில் துருவேறித் திறக்க வராத பீரோக்கள், கூரை வரைக்கும் கோப்புக் கட்டுகள். வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் வாசலில் நின்றே மேலட்டைகளைப் படித்தார். பல கட்டுகள் ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு வகை, அதாவது அத்தனை ஆண்டு வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டியவை. கெடு எப்போதோ கழிந்தவை. "அழிக்கப் பட்டியல் எழுதணும், உத்தரவு வாங்கணும். எழுத ஆள் எங்க சார்?" என்றார் அங்கிருந்தவர்.

நம் ராமநாதபுரம் ஜில்லா 1910-இல் உண்டானாலும் தலைமையிடம் நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது. 1985-இல் மூன்று மாவட்டமாகப் பிரிந்தது. பிறகு கீழக்கரையும் ஆர்.எஸ்.மங்கலமும் தனித் தாலுகா ஆயின. அலுவலகம் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பிரிவினைக்கும் மேசை, பதிவறை, கழிப்பறை எல்லாம் தனித்தனியாக வேண்டுமே.

அடுத்து, கூட்டம் ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பதால் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அப்போதுதான் நடக்கும். ஊர்க் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தியும் கல்லூரிச் சேர்க்கைக்கான சாதி, வருமானச் சான்றுகளும் அதே நேரத்தில்தான். புயல் காப்பகம் தேவைப்படுவதோ பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே மாதம் அது சும்மா கிடக்கிறது. அங்கே முகாம் போடக் கேட்டோம். சில நாள் நடந்தது. தரைத்தளம், நிழல், உட்கார பெஞ்சு. நெட் மட்டும் பாடாய்ப் படுத்தியது. செல்போனை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டுத்தான் விண்ணப்பம் ஏற்றினார்கள்.

புதுக் கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் கரையில் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருவேறிப் பருத்தால் காரை பிளந்து விழும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் கட்டினால் அதுவும் பூட்டிய அறையாகத்தான் போகும்.

ஆகவே தீர்மானத்தைத் திருத்தும்படி கேட்கிறேன்: முதலில் இருக்கும் அறைகளின் கணக்கு, கெடு கழிந்த கோப்புகளைக் கழிப்பது, மே மாத முகாம், அப்புறம் கட்டடம். அறை எத்தனை, பரப்பு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போட்டிருக்கிறோம். கட்டடம் கேட்ட பழைய மனுவுக்கு வந்த பதில், "பரிசீலனையில் உள்ளது". அதன் நகல் நம் கோப்பில் இருக்கிறது. சங்கத்துக்குப் பீரோ இல்லாததால் அந்தக் கோப்பு என் வீட்டு அரிசி டிரம் மேல் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் சாயங்காலம் வரலாம்.