மோடம் போட்ட பொய்க் கணக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே கல்லூரி கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுது.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மலையோரத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஒரு கதிர்வீச்சுக் கண்காணிப்புப் பெட்டிதான் இப்போது என் தலைவலி. உள்ளே கதிர்வீச்சு பட்டால் ஒரு மின்துடிப்பு தரும் கைகர் குழாய், அதற்கு 400 வோல்ட், ஒரு பேட்டரி, அளவுகளை அனுப்ப சிம் போட்ட மோடம். நிமிடத்துக்கு இருபது துடிப்பு என்று அமைதியாக எண்ணிக்கொண்டிருக்கும். திடீரென்று ஆயிரக்கணக்கில் எகிறும், அடுத்த நிமிடமே பழையபடி இறங்கிவிடும்.

வில்லன் பெட்டிக்குள்ளேயே இருந்த மோடம்தான். ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்தால், அழைப்பு வருவதற்கு முன்னால் ‘டிடிக் டிடிக்’ என்று ஒரு கரகரப்பு கேட்குமே, அதேதான். 2ஜி மோடம் அலையைத் தொடர்ச்சியாக வீசாது; நொடிக்கு ஏறக்குறைய 217 முறை விட்டுவிட்டு வீசும். டவர் தூரத்தில் இருந்தால் 2 வாட் வரை முழு பலத்தையும் காட்டும். ஒதுக்குப்புறமான பெட்டிகளுக்கே இந்தத் தொல்லை அதிகம் என்பது அதனால்தான். குழாயிலிருந்து வரும் ஒயர் அந்த அலையை வாங்கிக்கொள்ள, சர்க்யூட் ஒவ்வொரு வீச்சையும் ஒரு துடிப்பாக எண்ணுகிறது. 217ஐ 60ஆல் பெருக்கிப் பார், நிமிடத்துக்கு 13,000க்கு மேல் வரும்!

நிஜக் கதிர்வீச்சு இப்படிச் சீராக வராது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி கன்னாபின்னாவென்று மாறும். பலத்த மழையில் காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் பொருள்கள் தரைக்கு வரும்போதும் அளவு ஏறும். ஆனால் அது மெல்ல ஏறி, மழை விட்டபின் ஓரிரு மணி நேரத்தில் தணியும். மோடம் 4.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தரும் தாளம் கடிகாரம் போல அப்படியே நிற்கும்.

சரி, திடீர் ஏற்றத்தையெல்லாம் சாஃப்ட்வேரிலேயே வெட்டிவிடலாமே என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. 1986 ஏப்ரல் 28 அன்று ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் ஷூவால் அலாரம் அடித்தது. மெஷின் கோளாறு என்று தள்ளிவிடாமல் ஒரு ஷூவை எடுத்துப்போய் அளந்தார்கள். செர்னோபில் விபத்து வெளியுலகுக்குத் தெரியவந்தது அதிலிருந்துதான். 1,100 கிலோமீட்டர் தள்ளி வெடித்திருந்தது, அதுவரை யாரும் வாயே திறக்கவில்லை. வழக்கத்துக்கு மாறான எண் என்பதற்காகவே அதை அழிக்கும் பெட்டியை மலையில் வைப்பதில் என்ன பிரயோஜனம்?

அதனால் தகரத்திலும் ஒயரிலும்தான் வேலை. குழாயின் சர்க்யூட்டைத் தனி உலோகப் பெட்டியில் மூடினோம். ஒயரைக் குட்டையாக வெட்டி, அதில் ஏறும் ரேடியோ அலையைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினோம். ஆன்டெனா கம்பத்தின் உச்சிக்குப் போய்விட்டது. மோடம் பேசும் நேரத்தில் எண்ணுவதை நிறுத்தி, நிறுத்தியதையும் பதிவில் குறிக்கிறோம். மோடம் அனுப்பும்போது ஒரு கணம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி வோல்டேஜ் அதில் தடுமாறினாலும் பொய்த் துடிப்பு வரும். அதற்குப் பெரிய கெப்பாசிட்டர் போட வேண்டியிருக்கிறது.

அப்புறம் உன்னிடம் ஒரு கேள்வி. இத்தனை வருடம் டவர் வேலையில் இருந்தவன் நீ. 2ஜியை விட்டு 4ஜி மோடத்துக்கு மாறினால் இந்தத் தாளம் போய்விடுமா, இல்லை வேறு உருவத்தில் வருமா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
ரவி