வாடகைக்கே போகும் தனி வீடுகள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வீட்டு விலை ஏற்றம் என்றாலே வட்டி விகிதத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். வீட்டை யார் வாங்குகிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

2008 நெருக்கடியில் கடன் கட்ட முடியாமல் குடும்பங்கள் இழந்த தனி வீடுகளைப் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி வாடகைக்கு விட்டன. நாடு முழுக்கப் பார்த்தால் அவற்றின் பங்கு சிறியதுதான், சரி. ஆனால் நான் வசிக்கும் அட்லாண்டா வட்டாரத்தில், வாடகைத் தனி வீடுகளில் சுமார் 25 சதவீதம் 2022இல் அவற்றிடம் இருந்ததாக அரசுத் தணிக்கை அமைப்பே மதிப்பிட்டிருக்கிறது. வங்கிக் கடனை நம்பி முதல் வீடு தேடும் இளம் தம்பதி, முழுப் பணத்தோடு வரும் நிறுவனத்தோடு எப்படிப் போட்டி போடுவார்கள்?

வாடகைக்குப் போனாலும் நிம்மதி இல்லை. மறைமுகக் கட்டணங்கள் வசூலித்த புகாரில், இத்துறையின் பெரிய நிறுவனமான இன்விடேஷன் ஹோம்ஸ் 4.8 கோடி டாலர் தர 2024இல் ஒப்புக்கொண்டது. ஜார்ஜியாவில் உள்ளூர் நிர்வாகங்கள் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கவும் மாநிலச் சட்டம் தடை விதிக்கிறது.

வாடகைக்கென்றே புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளை நான் எதிர்க்கவில்லை. அவற்றால் வீடுகளின் எண்ணிக்கையாவது கூடுகிறது. இருக்கிற வீடுகளை நிறுவனங்கள் வாங்கிக் குவிப்பதற்குத்தான் வரம்பு வேண்டும். அப்புறம், சிறிய மனைகளில் சிறிய வீடுகள் கட்ட நகராட்சிகள் அனுமதிக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
அட்லாண்டா, ஜார்ஜியா