பம்ப் போடக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை தொடங்கினால் எங்கள் பக்கம் இழுப்புக்காரர்களுக்குக் கஷ்டகாலம். அறுவடை மெஷின் கிளப்பும் தூசி, கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் சுணை, விடிகாலைப் பனி எல்லாம் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தெருவில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் மருந்துப் பையோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பைகளைப் பிரித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மூட்டை தூக்கும் ஒருவர், மருந்துப்பொடியை உறிஞ்சி இழுப்பதற்கான ரோட்டாகேப் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். "மாத்திரை மாதிரிதானே சிஸ்டர் இருக்கு?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேப்சூலைக் கருவிக்குள் போட்டுத் திருகி, வாய் வைத்து உறிஞ்ச வேண்டும் என்று யாரும் அவருக்குச் செய்து காட்டவில்லை. கருவி அட்டைப்பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்தது. விழுங்கினால் மருந்து வயிற்றுக்குப் போகும். மூச்சுக்குழாய்க்கு அதனால் என்ன பலன்?

வாயில் அடித்துக்கொள்ளும் பம்ப் (இன்ஹேலர்) கதையும் இதுதான். குலுக்காமல் அடிக்கிறார்கள். ஒரே மூச்சில் இரண்டு தரம் அழுத்துகிறார்கள். மருந்தெல்லாம் நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிட, "பம்ப் எனக்குக் கேக்கல" என்று ஊசிக்கு ஓடுகிறார்கள். மூச்சை முழுசாக வெளியே விட்டு, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிஷமாவது இடைவெளி வேண்டும். இது சரியாக வராத பெரியவர்களுக்கு, பம்ப்பில் மாட்டி உறிஞ்சும் ஸ்பேசர் குழாய் இருக்கிறது. ஸ்டீராய்டு பம்ப் என்றால் போட்டு முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும். அதைப் பார்த்துப் பயந்து, பம்ப் சூடு என்று தானாகவே நிறுத்திய அம்மாக்களை எனக்குத் தெரியும். (சூடு என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் எந்த மருந்தும் பிழைக்காது.)

எனக்கு இதைவிடப் பயம், பையில் கூடவே கிடக்கும் மற்ற மருந்துகளைப் பார்த்தால்தான். இழுப்புக்குப் போடும் டெரிபிலின் மாத்திரையில் தியோபிலின் என்ற மருந்து இருக்கிறது. குணம் தரும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் அதில் அதிக தூரம் கிடையாது. அதைச் சாப்பிடுகிறவர் வயிற்றுப்போக்குக்கென்று கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டால், தியோபிலின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். வாந்தி, படபடப்பு, முற்றினால் வலிப்பு வரைக்கும் போகலாம். அப்புறம் கண் பிரஷருக்குப் போடும் டிமோலால் சொட்டு. கண்ணில் விடுவது நெஞ்சைப் பிடிக்குமா என்று கேட்பார்கள். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பிடிக்கும். கண் டாக்டரிடம் இழுப்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். தாத்தாவுக்கு நல்லது என்று பேரன் அளவைக் கூட்டிவிடுகிறான். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் வரை இருக்கும்படிதான் பொதுவாக வைப்போம்; அதற்கு மேல் ஏற்றினால் சிலருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கமே வந்துவிடும். அந்த அறையில் சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் கூடாது என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

வேலையில் இருக்கும் செவிலியர்களை நான் குற்றம் சொல்லவில்லை. இரவு டூட்டியில் ஒரே ஆள் ஒரு வார்டையே பார்க்கும் நிலைமை எனக்குத் தெரியாததா? ஆனால் பம்ப் போட வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் யாருடைய வேலை என்று எங்கும் எழுதி வைக்காததால்தான் அது நடப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி சேர்க்கட்டும்: "நோயாளி பம்ப் போட்டுக் காட்டினார்." அதற்குக் கீழே செவிலியர் கையெழுத்து. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் பெண்கள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தால், வந்த வீட்டிலேயே பம்ப்பையும் ஒருமுறை போடச் சொல்லிப் பார்த்துவிடலாம். அடுத்த அறுவடைக்குள் சுகாதாரத் துறை இதைச் செய்யுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.