குறிப்பேடு பயமாக மாறும்போது

ஆசிரியருக்கு வணக்கம். நடந்த அடிகள், தூங்கிய நேரம், சாப்பிட்ட கலோரி என எல்லாவற்றையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லும் கட்டுரையைத் தங்கள் நலவாழ்வுப் பகுதியில் படித்தேன். பலருக்கு அது உதவும், சரி. ஆனால் வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றம் தணிய ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் சாயல் உள்ளவர்களுக்கு அதே பழக்கம் விடமுடியாத பிடியாகிவிடும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். தினமும் 10,000 காலடி என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் (காலடிகளை எண்ணும் கருவி) பெயரிலிருந்து பரவியதுதான். மருத்துவ ஆய்வு வகுத்த எல்லை அல்ல.

எடையைக் குறைக்கத் தொடங்கிய நான்காம் மாதம், காய்ச்சலோடு நள்ளிரவில் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அன்றைய இலக்கில் இன்னும் 600 காலடி பாக்கி. முடித்ததும் நிம்மதி வந்தது, சில நிமிடங்களுக்கு மட்டும். அப்புறம் கணக்கு சரிதானா என்று மறுபடி பார்க்கத் தோன்றியது. உடம்புக்காக நடக்கவில்லை, பயத்தைத் தணிக்கவே நடக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இதை ஒழுக்கம் என்று எல்லோரும் பாராட்டியதால், நோயாக இருக்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை. இத்தகைய கட்டுரைகளோடு ஒரு சிறு பெட்டிச் செய்தியும் வெளியிடுங்கள்: ஒரு நாள் விட்டுப்போனால் பதறுகிறீர்களா? சரிபார்ப்பதிலேயே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா? ஆம் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்குப் பலன் தரும் சிகிச்சை உண்டு என்றும் அதில் சேர்த்துவிடுங்கள்.

- ஒரு வாசகர்