பூங்குளத்துக்குப் போகும் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொதிகை மலைக்கு நம் பக்கத்துப் பாதையைத் திறந்துவிட வேண்டும் என்று சென்ற வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தாமிரபரணி பிறக்கும் மலை நம் தலைக்கு மேலே நிற்கிறது. அதில் ஏற நாம் திருவனந்தபுரம் சுற்றிப் போய் கேரளப் பக்கத்துப் போணக்காட்டிலிருந்து நடக்க வேண்டியிருக்கிறதே என்பது அவர் ஆதங்கம். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனாலும் அவர் கேட்கிறபடி திறந்துவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அந்தப் பாதையில் நடந்தவன். 1984 தை மாதம், பொங்கலை ஒட்டி மில்லில் லீவு போட்டுவிட்டு ஐந்து பேர் கிளம்பினோம். எனக்கு 22 வயது. முண்டந்துறையும் களக்காடும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆனது 1988இல்தான். எங்கள் காலத்தில் வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு, காரையாறு அணையில் படகு ஏறினால் பாணதீர்த்தம். அருவியில் குளித்துவிட்டு எல்லாரும் அதே படகில் திரும்பிவிடுவார்கள். நாங்கள் அரிசி, அவல், கருப்பட்டி, சுக்கு எல்லாம் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அருவிக்குப் பக்கத்துப் பாறையைப் பிடித்து மேலே ஏறினோம்.

வழி காட்டியவர் அந்த மலையிலேயே வாழும் காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர். அறுபது தாண்டியிருக்கும். காலில் செருப்பு கிடையாது. முதல் நாள் இஞ்சிக்குழி. அங்கே காணிக் குடிசைகளுக்குப் பக்கத்தில் படுத்தோம். மறுநாள் கண்ணிகட்டி. அந்த நடையைச் சொல்லி முடியாது. ஏற்றம் என்றால் முட்டி நெஞ்சில் இடிக்கிற ஏற்றம். வேரைப் பிடித்தால்தான் அடுத்த அடி. ஈத்தல் என்கிற மூங்கில் காட்டுக்குள் நுழைந்ததும் அட்டை. பெரியவர் ஒரு கம்பு நுனியில் துணியில் உப்பை முடிந்து நனைத்து வைத்திருந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை எங்களை நிறுத்தி, கணுக்காலில் தொற்றியிருப்பதை அந்தக் கிழியால் தொடுவார்; சுருண்டு விழும். கையால் பிய்க்க விடமாட்டார். எங்களில் இரண்டு பேருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இதே மலையின் கேரளப் பக்கம் 1987இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் நடந்ததை விசாரிக்கப் போய்த்தான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்கு எங்கள் பெரியவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் பூங்குளம். குளம் என்று பெயர்; சுனை என்றுதான் சொல்ல வேண்டும். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஓடுகிற ஆறு இங்கேதான் பிறக்கிறது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். அதைப் பார்த்ததும் ஒருவரும் பேசவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரை ஓரம் கறுப்புச் சகதி, அதில் ஏதோ விலங்கின் குளம்புத் தடம்.

அங்கே நான் செய்ததை இத்தனை வருடமாக வெளியே சொன்னதில்லை. மூன்று நாள் வேர்வை, அட்டைக்கடி இரத்தம். இடுப்பளவுக்கு இறங்கி சோப்புப் போட்டேன். நுரை மெல்ல விரிந்து நாணல் பக்கம் போய் நின்றது. பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பெரிய இலையைப் பறித்துக் குழித்துக்கொண்டு, குனிந்து அந்த நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி, தூரத்தில் மண்ணில் கொண்டுபோய் ஊற்றினார். திரும்ப வந்து அள்ளினார். ஏழெட்டு நடை இருக்கும். நான் தண்ணீருக்குள்ளேயே நின்றேன். "கீழ ஆளு உண்டு தம்பி" என்றார். அவ்வளவுதான்.

கீழே இருக்கிற அந்த ஆள் நான்தான். கன்னடியன் கால்வாயிலும் கோடகன் கால்வாயிலும் பாய்கிற தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் போடுகிறவர்கள்தான். பாபநாசம் அணை 143 அடியில் இன்றைக்கு எத்தனை என்று தினமும் காலையில் உங்கள் பேப்பரைப் புரட்டுகிற எல்லாரும்தான்.

போன வருடம் ஆடி அமாவாசைக்கு மறுநாள் பாபநாசம் படித்துறையில் இறங்கினேன். காலில் ஒரு சேலை சுற்றிக்கொண்டது. இழுத்தால் அது வந்தது, அதோடு முறுக்கிக்கொண்டு ஒரு வேட்டி, ஒரு பனியன், ஒரு சின்னப் பிள்ளையின் கவுன். உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் தோஷம் கழியும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை ஊர் ஊராகக் கேட்டு வந்து விடுகிறார்கள். இளைஞர்கள் ஆற்றுக்குள் இறங்கி மூட்டை மூட்டையாக எடுத்துப் போடுகிறார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் அதே மூட்டை. பஸ் போகிற இடத்திலேயே நமக்கு இவ்வளவுதான் வசப்பட்டிருக்கிறது. பூங்குளத்தில் ஒரு சேலை விழுந்தால் யார் ஏறிப் போய் எடுப்பது?

என்றைக்கும் பூட்டியே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. திறந்தால், வருடத்தில் சில வாரங்கள் மட்டும், நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர். கூட்டிப் போகிறவர் காணிக்காரராக இருக்க வேண்டும். கட்டணம் அவர்கள் குடியிருப்புக்குப் போக வேண்டும். யாரைத் திருப்பி அனுப்புவது என்பதும் அவர்கள் சொல்லாகவே இருக்க வேண்டும். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்க்கும்போது பிளாஸ்டிக்கோடு சோப்பு, ஷாம்பு, எண்ணெயையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அருவிக்கரையில் ஒரு கடைகூட வரக்கூடாது.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் பாபநாசத்தில் இருக்கிறது. இந்த ஆடி அமாவாசைக்காவது படித்துறையில் ஆள் நிறுத்தி, துணியை ஆற்றில் விடாமல் கரையிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள் என்று மாவட்ட நிர்வாகத்தையும் கோயில் நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். என் மூட்டு மலை ஏறாது. படித்துறையில் ஒரு நாள் முழுக்க நிற்கும். கூப்பிட்டால் வருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
விக்கிரமசிங்கபுரம்.